வாசலில் போட்ட கயிறு

இருமலுக்கு மண்ணெண்ணெய் மேல் பழி போட்டேன். ஆறு மாதம் அப்படியே போட்டேன்.

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு நெல் மிஷினில் எனக்கு இஞ்சின் ஓட்டும் வேலை. மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின். பீப்பாயிலிருந்து எண்ணெய் இறக்க ரப்பர் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவோம். எண்ணெய் வாய்க்கு வரும் நேரம் பார்த்துக் குழாயை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ஒரு மடக்கு உள்ளே போகும். இஞ்சின்காரர்கள் எல்லாரும் இருமுவார்கள். அதற்கு மண்ணெண்ணெய் இருமல் என்றே பேர். எனக்கும் அதுதான் என்று இருந்தேன். சாயங்காலம் காய்ச்சல் வந்தது. இஞ்சின் சூடு என்றேன். உடம்பு இளைத்தது. வேலை ஜாஸ்தி என்றேன்.

ஒரு நாள் காறித் துப்பினேன். சிவப்பாக விழுந்தது. வெற்றிலை என்று நினைத்துக்கொண்டு இஞ்சின் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். பாதி வழியில்தான், அன்றைக்கு நான் வெற்றிலையே போடவில்லை என்பது நினைவு வந்தது.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்து அதிகம் வராது. ஆனாலும் இதை எழுதுகிறேன். என் மாதிரி யாராவது இருமிக்கொண்டு எதன் மேலாவது பழி போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போய் ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் என் பெண்சாதி கன்னியம்மாவும் போனோம். மகள் அலமேலுவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளையும் கன்னியம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நெஞ்சு நோய்க்காரர்களுக்கென்று தனி வராந்தா. நீள பெஞ்சுகள். ஒருவர் இருமினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அவர்களும் இருமுவார்கள். காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம் உள்ளே போனோம். இருட்டு அறையில் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். பலகை சில்லென்று இருந்தது. மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள். பிடித்தேன். விடு என்பதற்குள் இருமிவிட்டேன். மறுபடி பிடித்தேன்.

மறுநாள் டாக்டரம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நடுத்தர வயது. கண்ணாடி போட்டிருந்தார். வலது பக்கம், மேலே, காலணா அளவுக்கு ஒரு வட்டம்.

"இது ஓட்டை. காச நோய். டி.பி.ன்னு சொல்றாங்களே, அதுதான்" என்றார். பிறகு அலமேலுவைப் பார்த்தார். "குழந்தை யாரோடது?"

"எங்களுதும்மா" என்றாள் கன்னியம்மா. "நாலு வயசு."

"எங்க படுத்துக்கும்?"

"இவரு பக்கத்துலதாம்மா. இவரு மேல காலைப் போட்டுக்கினாத்தான் தூங்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இன்னியிலேர்ந்து வேண்டாம்."

கன்னியம்மாவுக்கும் குழந்தைக்கும் அன்றைக்கே படம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் அந்த ஆஸ்பத்திரிப் படியை இன்றைக்கும் தொட்டுக் கும்பிடுவேன்.

குழந்தை எப்போது என்னோடு இருக்கலாம் என்று கேட்டேன். டாக்டரம்மா விரலை நீட்டிச் சொன்னார். மாதம் ஒரு தரம் சளியைச் சோதிப்பார்கள். கிருமி இல்லை என்று மூன்று மாதம் தொடர்ந்து வர வேண்டும். நடுவில் ஒரு தரம் கிருமி தெரிந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

மூன்று. அது ஒன்றுதான் எனக்கு மனதில் தங்கியது.

பள்ளிப்பட்டிலிருந்து கொழுந்தியா தனம்மாள் வந்து அலமேலுவைக் கூட்டிப் போனாள். ரயிலடியில் குழந்தை அழவில்லை. ஊருக்குப் போகிறோம் என்ற சந்தோஷம். கன்னியம்மாதான் அழுதாள். நான் பிளாட்பாரத்தின் மறு கோடியில் நின்றேன்.

*

சானடோரியத்தில் எட்டு மாதம் இருந்தேன். பெரிய பெரிய ஜன்னல் வைத்த வார்டு. மழையிலும் பனியிலும் ஜன்னலைச் சாத்த மாட்டார்கள். காற்றும் ஓய்வும்தான் பாதி மருந்து என்பார்கள். மூடி போட்ட சின்னக் கிண்ணம் ஒன்று கொடுப்பார்கள். துப்புவதானால் அதில்தான். கட்டிலின் தலைமாட்டில் அதுவும் ஒரு தம்ளரும். வேறு சொத்து கிடையாது.

மருந்து மூன்று விதம். ஒன்று ஊசி. அதைப் போட்டால் காதில் வண்டு கத்தும். இஞ்சின்காரனுக்குக் காதுதானே பிழைப்பு. அதற்குத்தான் பயந்தேன். நாலு மாதத்தில் ஊசியை நிறுத்தினார்கள். வண்டும் போயிற்று. இன்னொன்று பெரிய பெரிய மாத்திரை. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். மூன்றாவது சின்ன வெள்ளை மாத்திரை. புதிதாக வந்தது என்றார்கள். அதற்கு முன்னால் இந்த நோயோடு வந்தவர்கள் அதிகம் பேர் திரும்பிப் போனதில்லை என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். நான் நல்ல நேரத்தில் நோயாளி ஆனேன்.

இது போக, காற்று வைப்பது. ஏ.பி. என்பார்கள். நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டாம். அக்குளுக்குக் கீழே ஊசியைக் குத்தி அந்த இடைவெளியில் காற்றை விடுவார்கள். காற்று அழுத்தும். நுரையீரல் சுருங்கி வேலை செய்யாமல் கிடக்கும். கிடந்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். உள்ளே விட்ட காற்று இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். மறுபடி வைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று வருஷம்.

முதல் தடவை பயந்தேன். ஊசி தோலில் நுழையும்போது வலித்தது. உள்ளே சவ்வைத் தாண்டும்போது ஒரு சின்ன விடுபடல். வலி இல்லை. பக்கத்தில் ஸ்டாண்டில் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. நான் மூச்சு இழுத்தால் தண்ணீர் இறங்கியது. விட்டால் ஏறியது. அதைப் பார்த்ததும் பயம் போயிற்று. இஞ்சினுக்கும் அப்படி ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. மட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் எனக்குப் போதும்.

பக்கத்துக் கட்டிலில் எத்திராஜ் என்று ஒரு தையல்காரர். கும்மிடிப்பூண்டிக்காரர். நான் காற்று வைத்துக்கொண்டு திரும்பி வரும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னா மேஸ்திரி, டயருக்குக் காத்து அடிச்சாச்சா? எவ்ளோ பவுண்டு?"

"கம்முனு இரு. சிரிச்சா வலிக்குது."

"சிரிக்காத. பஞ்சர் ஆயிடும்."

அவருக்குக் காற்று பலிக்கவில்லை. விலா எலும்பை எடுத்துவிட்டார்கள். ஏழு எலும்பு. ஒரு தோள் சரிந்துவிட்டது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஊரிலிருந்து ஊசி நூல் வரவழைத்தார். ஒரு தோளில் மட்டும் பஞ்சு வைத்துத் தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டார். போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"தெரியுதா?"

"தெரியல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம் தெரியுது. பஞ்சு ஜாஸ்தி. அந்தத் தோளுதான் இப்ப ஒசரமா கீது."

பிரித்து மறுபடி தைத்தார். என் சட்டைக்கும் காஜா எடுத்துக் கொடுத்தார். இப்போதும் கும்மிடிப்பூண்டியில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

கன்னியம்மா ஞாயிற்றுக்கிழமை வருவாள். நெல் மிஷின் களத்தில் நெல் காயவைக்கும் வேலை அவளுக்கு. என் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவளை நிறுத்தவில்லை. களத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு முட்டை என்று வாரம் ஒரு தரம் சும்மாட்டுத் துணியில் முடிந்து கொடுப்பார்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ரயில் மாறி வருவாள். ஒன்றுகூட உடைந்ததில்லை. முட்டையை எண்ணி வைப்பாள். பிறகு பள்ளிப்பட்டுக் கதை.

"ஒம் பொண்ணு தெலுங்கு பேசுதாம். ஒன்ன நைனான்னுதான் சொல்லுதாம்."

"அப்பான்னு சொல்ல மாட்டாளா?"

"அங்க எல்லாப் புள்ளைங்களும் நைனான்னுதான் சொல்லுதுங்க. அதும் கத்துக்குச்சி. எதுனா ஒண்ணு சொன்னா சரி, போ."

*

புரட்டாசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பட்டணம் போய்க் காற்று வைத்துக்கொண்டு வர வேண்டும். குடம் தூக்கக் கூடாது. ஓடக் கூடாது. கத்தக் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலை, தினம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் கூடாது.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர். அவர் பேர்கூட எனக்கு வெகுநாள் தெரியாது. நான் காற்று வைத்துக்கொண்டு வரும் வண்டி தெரிந்து, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பிளாட்பாரத்தில் போட்டு வைப்பார். இறங்கியதும் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடப்பேன். ஒரு நாளும் என்ன நோய் என்று கேட்டதில்லை. தள்ளி நின்றதும் இல்லை. மற்ற இடங்களில் இந்த நோய்க்காரன் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிடுவார்கள். அதனால் சொல்கிறேன்.

ஐப்பசியில் காதர் பாய் வந்தார். பழவேற்காட்டில் வலையும் படகுக் கயிறும் விற்கும் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர்ப் பக்கம் அவருக்குக் கத்திரி, வெண்டை போட்ட தோட்டம் உண்டு. அவர் நெல்லை எங்கள் மிஷினில்தான் அரைப்பார். மாட்டு வண்டியில் ஏதோ சாக்குப் போட்டு மூடியிருந்தது. சாக்கை எடுத்தார். தோட்டத்துக்கு உழுகிற சின்ன டிராக்டர். இரண்டு சக்கரம், பின்னால் நீளமாக இரண்டு கைப்பிடி. ஏர் மாதிரிப் பின்னாலேயே நடந்து போக வேண்டும். முன்னால் ஒற்றை சிலிண்டர் இஞ்சின். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது.

"சண்டை முடிஞ்சப்ப ராணுவ ஏலத்துல எடுத்தது மேஸ்திரி. ஒரு வருஷம் ஓடிச்சு. அப்புறம் கொட்டாயில போட்டதுதான். கோழி முட்டை வெச்சிக்கினு இருந்துச்சு."

இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. பிஸ்டன் துருவில் பிடித்துவிட்டது.

"பாய், எனக்கு ஒரு மணி நேரந்தான் வேலை. அதுக்கு மேல டாக்டர் விடல. இது முடிய ஒரு வருஷம் ஆவும்."

"ஆவட்டுமே. எட்டு வருஷம் கெடந்துச்சு. இன்னும் ஒண்ணு கெடக்கட்டும். என் மாடு ரெண்டுந்தான் உங்களை எதிர்பாத்துக்கினு இருக்குதுங்க."

அவர் தோட்டத்துக்கு அப்போது டிராக்டர் ஒன்றும் அவசரம் இல்லை. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மாதா மாதம் கூலி கொடுத்தனுப்பினார். கூடவே கருவாடு.

கிளப்பும் கயிறு மக்கிப் போயிருந்தது. இஞ்சின் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அதில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பாய் தன் கடையிலிருந்து படகுக் கயிறு ஒரு சுருள் கொடுத்தார். வேண்டியதை வெட்டிக்கொள்ளச் சொன்னார். கயிறு கடைசி வேலை. அப்படியே ஆணியில் மாட்டி வைத்தேன்.

தினம் காலையில் வாசல் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்காருவேன். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி வைத்தேன். தினம் ஒரு மரக்கட்டையால் அந்தச் சக்கரத்தில் நாலு தட்டு. அவ்வளவுதான். மீதி நேரம் வால்வு தேய்ப்பேன். வால்வு அதன் குழியில் சரியாக உட்கார, நடுவில் தேய்க்கிற மசையைத் தடவி, மோர் கடைவது போல் இரண்டு உள்ளங்கையில் குச்சியை உருட்ட வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைதான். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கும். நிறுத்துவேன். நல்ல நாளில் இதே வேலையைப் பாட்டுப் பாடிக்கொண்டு செய்தவன். அதை நினைத்தால் கோபம் வரும். கோபப்பட்டாலும் மூச்சு வாங்கியது. ஆகையால் அதையும் விட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் பிஸ்டன் ஒரு நெல் அளவு நகர்ந்தது. கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்க நகந்துச்சு?"

"இந்தா, சக்கரத்துல இந்தக் கோடு."

"ஒனக்குத்தான் தெரியும்" என்றாள். ஆனால் அன்றைக்கு நாஷ்டாவுக்கு இட்லி சுட்டாள்.

*

பொங்கலுக்குத் தனம்மாள் அலமேலுவைக் கூட்டிவந்தாள். பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். அந்த மாதம்தான் முதல் தரமாகச் சளியில் கிருமி இல்லை என்று வந்திருந்தது. இன்னும் இரண்டு. கிட்டே வரக் கூடாது.

ஐந்து வயதுகூட நிறையாத குழந்தைக்குக் கிட்ட எது, எட்ட எது என்று எப்படிச் சொல்வது? கன்னியம்மா ஆணியிலிருந்து அந்தப் படகுக் கயிற்றை எடுத்தாள். வாசலுக்குக் குறுக்கே வேலியிலிருந்து வேலிவரை தரையில் நீட்டிப் போட்டாள். இந்தப் பக்கம் நான், மரம், டிராக்டர். அந்தப் பக்கம் குழந்தை.

"இதத் தாண்டக் கூடாது, கண்ணு."

"தாண்டினா?"

"நைனாவுக்கு ஒடம்பு ஜாஸ்தியாயிடும்."

கயிற்றின் மேல் கால்விரல் படாமல் நின்றாள். வளர்ந்திருந்தாள். சின்னம்மா வாங்கிக் கொடுத்த பாவாடையைச் சுற்றிக் காட்டினாள். ஒரு கரும்புத் துண்டை எனக்கென்று எடுத்துவந்திருந்தாள். எட்டிக் கொடுக்க வரவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கமே தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போய்க்கொண்டாள். நான் போய் எடுத்துக்கொண்டேன்.

"மாமா, சாப்புடுங்க. அது உங்களுக்குன்னு பஸ்ஸுல யாரையும் தொடவுடல" என்றாள் தனம்மாள்.

கரும்பைக் கடித்தேன். போகும்போதும் குழந்தை கயிற்றை ஒட்டியே வேலிவரை நடந்துவிட்டுத்தான் தெருவுக்குப் போனாள்.

இரண்டாவது மாதமும் கிருமி இல்லை. இன்னும் ஒன்று.

மாசியில் கார்பரேட்டரைப் பிரித்தேன். எண்ணெயையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பகுதி அது. அதற்குள் ஜெட் என்று பித்தளையில் ஒரு சின்னத் திருகு. நடுவில் மயிரிழைத் துளை. எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். எட்டு வருஷத்து எண்ணெய் பிசினாகித் துளையை அடைத்திருந்தது. ஜெட்டில் கம்பி விடக் கூடாது. விட்டால் துளை பெரிசாகிவிடும். பிறகு இஞ்சின் புகைதான் கக்கும். எண்ணெயில் ஊறப்போட்டு வாயில் வைத்து ஊத வேண்டும். எந்த இஞ்சின்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். எனக்குக் கை தானாக அதை வாய்க்குக் கொண்டு போயிற்று.

தூக்காதே என்று சொல்லியிருந்தார்கள். ஓடாதே என்று சொல்லியிருந்தார்கள். ஊதாதே என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் ஊதலில் போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் துளை வழியாகக் காற்று சீறியது. சந்தோஷமாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளையில் வானம் தெரிந்தது. அப்போது தொண்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது. சாக்கின் மேல் துப்பினேன். இந்தத் தடவை வெற்றிலை என்று நினைக்கவில்லை.

யாரோ போய்ச் சொல்லி, களத்திலிருந்து கன்னியம்மா ஓடிவந்தாள். என் முகத்தையும் சாக்கையும் பார்த்தாள். கையிலிருந்த ஜெட்டைப் பார்த்தாள்.

"மூணாவது மாசம்யா" என்றாள். "மூணாவது மாசம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி படுக்கை. ஆறு வாரம். அதே டாக்டரம்மா.

"ஏன் ரத்தம் வந்தது? என்ன பண்ணினே?"

"ஊதினேம்மா."

"அடுப்பா?"

"ஜெட்டு."

என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஒரு கம்பியை விட்டுக் குத்தறதுதானே?"

"ஓட்டை பெரிசாயிடும்மா."

அவர் என் படத்தை எடுத்து ஜன்னலில் வைத்தார். "அந்த ஓட்டைக்கு இருக்கிற அக்கறை இந்த ஓட்டைக்கு இல்லையா?"

தலையைக் குனிந்துகொண்டேன். சளியில் கிருமி மறுபடி தெரிந்தது. ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அந்த ஆறு வாரம் நான் எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். கரும்புத் துண்டு மட்டும் நினைவில் வரும்.

காதர் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சு கொண்டுவந்தார். என் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"மேஸ்திரி, தப்பு என்னுது. அந்தப் பேஜாரு புடிச்ச வண்டியக் கொண்டாந்து உங்க தலையில கட்டிட்டேன். நான் ஆளை விட்டு எடுத்துக்கிறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா சொன்னாள். "வேணாம் பாய். இருக்கட்டும்."

"இல்ல தங்கச்சி..."

"இது இல்லன்னா இவரு கூரையப் பாத்துக்கினே கெடப்பாரு. அது இன்னும் கெடுதல். ஊதறதுன்னா நான் ஊதிட்டுப் போறேன். எனக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தான கீது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வாய் பட்ட ஜெட்டு, குழாய் எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு அரை மணி கொதிக்க வைக்கச் சொன்னேன். மூன்று தரம் கொதிக்க வைத்தாள். கொதித்ததில் குழாயிலிருந்த பிசின் கரைந்து வந்து ஜெட்டுத் துளையை மறுபடி அடைத்துவிட்டது. பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்டி ஊதணும்?"

"கன்னத்துல காத்த வெச்சிக்கினு ஊதாத. வயித்துலேர்ந்து ஊது."

ஊதினாள். முகம் சிவந்தது. "ஒன்னுமே வரல."

"திருப்பிப் புடிச்சிக்கினு ஊது. மறுபடி."

காற்று சீறியது. வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "தூ! இந்த நாத்தத்தையா பத்து வருஷம் வாயில வெச்சிக்கினு இருந்தே? அதான் ஒன்ன அது புடிச்சிக்கிச்சி."

அதற்குப் பிறகு அவள் ஊதினாள், தூக்கினாள், முறுக்கினாள். நான் சாக்கில் உட்கார்ந்து சொன்னேன். சொல்வதற்கு ஒரு மணி நேரம். களத்து வேலைக்கும் போய்விட்டு வந்து இதையும் செய்தாள். சித்திரையில் கிருமி இல்லை என்று வந்தது. ஒன்று. நான் அவளிடம் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வைகாசியில் இரண்டு. அப்போதும் சொல்லவில்லை. தனம்மாளுக்குக் கடிதம்கூடப் போடவில்லை.

ஆனி மாதம் இஞ்சினைப் பூட்டி முடித்தோம். அந்த வாரமே ஆணியிலிருந்த கயிற்றை எடுத்தேன். பொங்கலன்று போட்ட மண் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. கத்தியைக் கையில் எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். மூன்றாவது சோதனை இன்னும் வரவில்லை. குழந்தை வந்தால் மறுபடி நீட்டிப் போட வேண்டியிருக்கலாம். வெட்டிய கயிறு வேலிவரை எட்டாமல் போனால் என்ன செய்வது? பாயிடம் கயிறு சரியில்லை, இன்னும் நாலு நாள் ஆகும் என்று பொய் சொன்னேன். கயிறு விற்கிற மனிதரிடம் கயிறு சரியில்லை என்றேன்.

"சரி மேஸ்திரி. கயிறு சரியாவட்டும்" என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த காற்றுக்குப் போனபோது டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். இன்னொரு சீட்டோடு சேர்த்துப் பார்த்தார்.

"மூணு" என்றார். "குழந்தையைக் கூப்பிட்டுக்கோ. தூக்கக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். ஊதவும் கூடாது."

கும்பிட்டேன். கவரைப்பேட்டையில் இறங்கியபோது போர்ட்டர் ஸ்டூலைப் போட்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் பேரைக் கேட்டேன். சொன்னார். ஸ்டூலில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை வெட்டினேன். மூன்று முழம் வண்டிக்கு. மிச்சத்தைக் கன்னியம்மா கிணற்று ராட்டினத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பும் நாள் பாய் தோட்டத்திலிருந்து இரண்டு ஆட்களோடு வந்தார். நல்ல திடமான ஆட்கள். மாறி மாறி இழுத்தார்கள். வெடுக்கென்று இழுத்தார்கள். இஞ்சின் தும்மியதே தவிரப் பிடிக்கவில்லை. இழுப்பு நீளமாக, முழுசாக வர வேண்டும். சொன்னால் புரியவில்லை. எழுந்து காட்டவும் எனக்கு வழியில்லை.

"தள்ளுங்கய்யா" என்றாள் கன்னியம்மா. கயிற்றைச் சுற்றினாள். புடவையைச் செருகிக்கொண்டாள். கிணற்றில் வாளி இழுப்பது போல் உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே இழுப்பு. தும்மியது. இன்னொரு தரம் சுற்றினாள். இழுத்தாள். டப், டப், டப் என்று பிடித்துக்கொண்டது. கோழிகள் பறந்தன. வெள்ளைப் புகை வந்து பிறகு நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு வால்வு லேசாகத் தட்டியது. மற்றபடி சுத்தம். காதில் வண்டு இல்லை.

"இன்னா மேஸ்திரி?" என்றார் பாய், சத்தத்துக்கு மேல்.

"ஒரு வால்வுக்கு இன்னும் கொஞ்சம் வேல கீது. நாளைக்கு எடுத்துக்குங்க."

"நாளைக்கு இன்னொன்னு கொண்டாரேன். பொன்னேரியில ஒருத்தர்கிட்ட தண்ணி எறைக்கிற பம்பு ஒண்ணு செத்துக் கெடக்குது. உட்காந்து செய்யற வேலைதான்."

அப்படித்தான் இன்றைக்கும் பிழைக்கிறேன். உட்கார்ந்து செய்யும் வேலை. ஒரு மணி நேரம் மூன்றாகியிருக்கிறது. காற்று வைப்பதைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். நுரையீரல் மெள்ள விரிகிறது என்றார்கள். ஊதுவது இன்னும் கன்னியம்மாதான். அவள் விட மாட்டேன் என்கிறாள்.

அலமேலு வந்தது ஆடி முதல் வெள்ளி. தனம்மாள் தெருமுனையிலேயே கையை விட்டுவிட்டாள். குழந்தை ஓடிவந்தாள். நான் மரத்தடியில் இருந்தேன். வாசலில் பாதி வந்ததும் சட்டென்று நின்றாள். காலைச் சேர்த்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலிவரை பார்த்தாள்.

"நைனா, கயிறு எங்க?"

"வெட்டிட்டேன்."

சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு காலை எடுத்து, அங்கே இல்லாத கயிற்றுக்கு மேலே உயரமாகத் தூக்கி வைத்து, தாண்டினாள்.

தூக்கக் கூடாது. நான் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளாக மடியில் ஏறினாள். என் சட்டையில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மண்ணெண்ணெய் நாத்தம்" என்றாள். இறங்கவில்லை.